காசி யாத்திரையில் காணாமல் போன பதினோரு நிமிடம்

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதல் வாரமே ஒரு தடித்த கையேட்டைக் கொடுத்திருப்பார்கள். அதில் உள்ளூர் நெட்வொர்க்கை விட்டு வெளியேறும் செல்போன்களின் டேட்டா இணைப்பை என்ன செய்வது என்று ஓர் அத்தியாயம் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. நானும் படித்ததில்லை. படிக்காமலே இருபத்தெட்டு வருடம் ஓட்டி, மாலையும் சால்வையும் வாங்கிக்கொண்டு ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால் அந்த அத்தியாயத்தில் உள்ள ஒரே ஒரு வரியை மீறியதால் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாப்பிள்ளை கல்யாணத்தன்று நிஜமாகவே காசிக்குப் போகப் பார்த்தார். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். தப்பு முழுக்க என்னுடையது. வேறு யார் தலையிலாவது கட்டலாமா என்று அப்போதே யோசித்துப் பார்த்தேன், வழி கிடைக்கவில்லை.

முதலில் அந்த ஒரு வரி. ஒரு கல்யாண மண்டபத்தில் நானூறு பேர் கூடினால் வெளியே இருக்கும் டவர் திணறிவிடும். அதனால் எங்கள் கம்பெனி மண்டபத்துக்குள்ளேயே ஒரு பெட்டி வைத்துக் குட்டி நெட்வொர்க் போட்டுக் கொடுக்கும். உள்ளே இருக்கும் வரை உங்கள் செல்போனின் டேட்டா எல்லாம் மண்டபத்துப் பெட்டி வழியாகப் போய் வரும். வாசலைத் தாண்டினால் வெளி டவர்தான். உள்ளே பிடித்த இணைப்பை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியாது. மண்டபத்துப் பந்தி டோக்கனை எதிர் ஓட்டலில் நீட்டினால் இட்லி வருமா? வராது. ஆகவே செல்போன் வாசலைத் தாண்டியதும் பழைய இணைப்பை முறையாக வெட்டிவிட வேண்டும். வெட்டினால்தான் செல்போன் வெளியே புதிதாக ஒன்றைத் தேடும். அவ்வளவுதான் விஷயம். இதை எழுத அந்தக் கையேட்டில் நாற்பது பக்கம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் வேலை பார்த்தது தென்னூர் ஆபீஸில். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் பெட்டி வைத்த அந்த மண்டபத்தின் மேனேஜர் மிகவும் பதறுகிற மனிதர். பால் பொங்கினாலும் பதறுவார், பொங்காவிட்டாலும் பதறுவார். ஒருநாள் ஆபீஸுக்கே வந்துவிட்டார். வழக்கமாக ஒருவர் மண்டபத்தை விட்டு வெளியேறியதும் எங்கள் பெட்டி அவருடைய செல்போனுக்கு ஒரு செய்தி அனுப்பும். "உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. வருகைக்கு நன்றி." அந்த வாரம் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த கையோடு பிள்ளை வீட்டு அத்தை யாரையோ பார்க்க வாசலுக்குப் போயிருக்கிறார். செல்போன் சிணுங்கியிருக்கிறது. எடுத்துப் படித்தவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சம்பந்தம் முடிந்து அரை மணி ஆகவில்லை, அதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று கேட்டு ஒரே ரகளை. மேனேஜர்தான் மோர் கொடுத்துச் சமாதானம் செய்தாராம்.

"மேடம், கல்யாண மண்டபத்துல அந்த வார்த்தையே வரக் கூடாதுங்க," என்றார். "விளக்கைக்கூட அணைன்னு சொல்ல மாட்டோம். நீங்க துண்டிக்கிறீங்களே."

நியாயம்தான். யோசித்துப் பாருங்கள், நம் ஊரில் யாராவது "போறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்களா? "போயிட்டு வரேன்" என்போம். சொல்லிவிட்டுப் போகவும் மாட்டோம். வாசலில் நின்று கால் மணி நேரம் பேசுவோம். தாம்பூலப் பையை வாங்கியவர் பைக்குள் தேங்காய் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம், இன்னொருவர் பையைவிடத் தன் பையில் தேங்காய் சின்னதாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம். அப்படிப்பட்ட ஜனங்களை வாசலைத் தாண்டிய மறு நொடியே வெட்டிவிடுவது எனக்கே கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டது.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. செய்திருக்கக் கூடாது. செய்தியில் உள்ள வார்த்தையை மாற்றினால் போதும், இரண்டு நிமிட வேலை. அதை விட்டுவிட்டு வெட்டுவதையே நிறுத்தினேன். வெளியேறும் செல்போனின் இணைப்பை வெட்டாமல் இருபது நிமிடம் அப்படியே வைத்திருக்கும்படி பெட்டியில் மாற்றினேன். அந்த நிலைக்குக் "காத்திருப்பு" என்று பெயர். போயிட்டு வரேன் என்றவர் திரும்பி வந்தால் அவர் இடம் அவருக்காகவே இருக்கும். எவ்வளவு பண்பான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். வார்த்தை பிடிக்கவில்லை என்றால் வார்த்தையை மாற்றுங்கள், வேலையை மாற்றாதீர்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் கல்யாணம் தேவைப்பட்டது.

அந்தக் கல்யாணத்துப் பெண்ணின் அப்பா கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் நெஞ்சுவலி வந்து தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் ஆபரேஷன். தேதியைத் தள்ளிப்போடலாம் என்று எல்லாரும் சொன்னபோது அவர் ஒரே பிடிவாதமாக மறுத்துவிட்டாராம். நான் பிழைக்கிறேனோ இல்லையோ, பெண் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷன் மேஜையில் படுப்பேன் என்று டாக்டரிடமே சொல்லிவிட்டார். அதனால் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து வீடியோவில் கல்யாணம் பார்க்க ஏற்பாடு. அது அறுபடாமல் போக வேண்டும் என்பதற்காக, அன்று மண்டபத்துக்கு நானே நேரில் போய் உட்காருவதென்று முடிவு செய்தேன்.

முதல் நாள் பெண்ணின் சித்தப்பாவைப் பார்த்து விவரம் கேட்டேன். ஸ்ரீரங்கத்துக் கோயில் குடும்பம், எல்லாம் சாஸ்திரப்படி நடக்கும் என்றார். வீடியோ எடுக்கும் செல்போன் மண்டபத்துக்கு வெளியே போகுமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியது. அதை அப்படியே கேட்டிருக்கலாம். நான் கேட்டது, முகூர்த்தத்துக்கு முன்னால் யாராவது வெளியே போவார்களா என்று. ஒருத்தரும் போகக் கூடாது என்றார். சரி, மாப்பிள்ளை போவாரா என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. "மாப்பிள்ளை எங்க போவார்? என்ன பேச்சு பேசறேள் நீங்க?"

நான் உப்பிலியபுரத்துக்காரி. மரவள்ளி போட்டுப் பிழைத்த குடும்பம். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை எங்கும் போவதில்லை. என் வீட்டுக்காரர் மணவறையில் உட்கார்ந்தவர், சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தார். ஸ்ரீரங்கத்தில் முகூர்த்தத்துக்கு முன்னால் மாப்பிள்ளை குடையும் கைத்தடியும் எடுத்துக்கொண்டு, எனக்குக் கல்யாணம் வேண்டாம், காசிக்குப் படிக்கப் போகிறேன் என்று மேளதாளத்தோடு வெளியே கிளம்புவார் என்பதும், பெண்ணின் அப்பா வழிமறித்து, என் பெண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று அழைத்து வருவார் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? சித்தப்பாவுக்கோ அது சடங்கு. அதை அவர் "போவது" என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான் கேட்டது தப்பில்லை, அவர் சொன்னதும் தப்பில்லை. இரண்டும் சேர்ந்துதான் தப்பாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் யாரிடமும் போவீர்களா மாட்டீர்களா என்று கேட்டதே இல்லை. காலையிலிருந்து என்னென்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லிவிட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அன்று காலை எங்கள் பெட்டி இருந்த சாமான் அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் பூசணிக்காய், ஒரு பக்கம் வாழை இலைக் கட்டு, நடுவில் நானும் என் லேப்டாப்பும். பொங்கலும் காபியும் வந்தன. திரையில் எல்லாம் பச்சை. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. இவ்வளவு நிம்மதியாக நான் வேலை பார்த்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மேனேஜர் மூச்சு வாங்க ஓடி வந்தார்.

"மேடம், மாப்பிள்ளை போயிட்டாருங்க."

"எங்கங்க?"

"காசிக்கு."

எனக்குப் பாவமாக இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகள், பிடிக்கவில்லை என்றால் முன்னாலேயே சொல்லித் தொலைக்கக் கூடாதா, அந்தப் பெண்ணின் கதி என்ன என்று இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொன்னேன். பெண்ணுக்கு வேறு நல்ல இடம் அமையும் என்றும் சொன்னதாக மேனேஜர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மறுக்கவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு சடங்கை விளக்கியபோதுதான் நான் பொங்கல் தட்டைக் கீழே வைத்தேன்.

நடந்தது இதுதான். வழிமறித்து அழைக்க வேண்டிய மாமனார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். ஆகவே அவர் வீடியோவிலேயே அழைக்கட்டும் என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் ஒரு கையில் தடி, விசிறி, புத்தகம். மறு கையில் குடை. செல்போனுக்குக் கை இல்லை. போட்டோகிராபர் யோசித்து, செல்போனைக் குடைக் காம்பில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டார். மாப்பிள்ளை முகம் ஆஸ்பத்திரிக்குத் தெரியும், மாமனார் முகம் மாப்பிள்ளையின் மூக்குக்கு ஒரு சாண் தள்ளித் தொங்கும். தேங்காயோடு சித்தப்பா கூடவே வருவார், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. அழைக்கிற பாத்தியதை பெண்ணைப் பெற்றவருக்குத்தான் என்று கல்யாணம் நடத்திவைத்த வாத்தியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமா கூப்பிடுகிற வரை திரும்பவே கூடாது, அப்போதுதான் படம் இயல்பாக வரும் என்று போட்டோகிராபர் தன் பங்குக்குச் சொல்லியிருந்தார்.

மேளம் முழங்க மாப்பிள்ளை வாசல் வாழைமரத்தைத் தாண்டினார். நான் பண்பாகச் செய்து வைத்திருந்த ஏற்பாடு வேலையைக் காட்டியது. செல்போன் வெளியே, இணைப்பு உள்ளே. வெட்டாததால் அது வெளி டவரில் புதிய இணைப்பைத் தேடவில்லை. சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன. சுற்றுகிற சக்கரமும் இல்லை. படம் மட்டும் நின்றுவிட்டது. அதுவும் எந்த நேரத்தில் நின்றது தெரியுமா? மாமனார் "மாப்பிள்ளை" என்று தொடங்க உதட்டை மூடிய நேரத்தில். பார்ப்பவர்களுக்கு அவர் வாயை இறுக மூடிக்கொண்டு முறைப்பது போலத்தான் தெரியும்.

படம் நின்றுவிட்டது என்று ஏன் ஒருவருக்கும் தோன்றவில்லை என்று கேட்பீர்கள். மாப்பிள்ளை அவரிடம் ஒன்பதாம் வகுப்பில் கணக்குப் படித்தவர். தப்பான விடை சொன்னால் அவர் திட்ட மாட்டார், அடிக்க மாட்டார், இப்படித்தான் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே இருப்பாராம். எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்று மாப்பிள்ளைக்குப் பயம். மாமா இன்னும் யோசிக்கிறார் என்று நடந்துகொண்டே இருந்தார். சித்தப்பாவுக்கும் அண்ணன் சுபாவம் தெரியும். அவரும் தேங்காயோடு கூடவே நடந்தார். மேளக்காரர்கள் மாப்பிள்ளை நின்றால்தானே நிற்பார்கள், அவர்களும் நடந்தார்கள். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு டிரைவர் இந்த வெயிலில் எங்கே இவ்வளவு தூரம் நடை என்று விசாரித்தாராம். சித்தப்பா பழக்க தோஷத்தில் காசிக்கு என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷன் வரைக்கும் நான் விடுகிறேன் என்று டிரைவர் வண்டியைத் திருப்பவே ஆரம்பித்துவிட்டார்.

ஆஸ்பத்திரிப் பக்கம் இன்னும் மோசம். அங்கே மாப்பிள்ளையின் முகம் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கியபடி நின்றுவிட்டது. கூப்பிடக் கூப்பிட பதில் இல்லை. வாசலிலிருந்து படம் அனுப்பிக்கொண்டிருந்த போட்டோகிராபரின் செல்போனும் அதே போல நின்றுவிட, மண்டபத்துப் பெரிய திரையில் நானூறு பேர் வாழைமரத்தின் ஓர் இலையைப் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜரின் செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரி நர்ஸ். மாப்பிள்ளை ஓடிவிட்டாரா, பெரியவர் அழுகிறார், பிரஷர் ஏறிக்கொண்டே போகிறது, டாக்டரைக் கூப்பிடப் போகிறேன் என்று படபடவென்று சொல்லிவிட்டு, பதில் கேட்காமலே வைத்துவிட்டார். இப்படியே போனால் நாளை ஆபரேஷன் நடக்குமா? நான் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். லேப்டாப்பைப் பார்த்தேன். அப்போதும் எல்லாம் பச்சை. காத்திருக்கும் இணைப்புக்கும் அந்தப் பெட்டி பச்சைதான் காட்டும். பச்சையைப் பார்த்து நிம்மதி அடைகிற பழக்கம் அன்றோடு எனக்கு விட்டுப்போனது.

மாப்பிள்ளையின் செல்போனை மட்டும் தேடி வெட்டலாம் என்று பார்த்தேன். பட்டியலில் நானூறு செல்போன், பெயர் இல்லாமல் எண் மட்டும். மாப்பிள்ளையின் எண் என்ன என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லார் செல்போனிலும் அவர் "மாப்பிள்ளை" என்று இருக்கிறார், வீட்டு மனிதர்கள் எல்லார் செல்போனும் பட்டுப் புடவைகளோடு பூட்டிய அறைக்குள் இருக்கிறது. சாவி சித்தப்பாவின் இடுப்பில். சித்தப்பா காசிக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று வாசலுக்குப் போனேன். தெருக்கோடியில் குடை மட்டும் தெரிந்தது, சாமான் அறைக்கே திரும்பினேன்.

மிச்சம் இருந்தது ஒரே வழி. மொத்தப் பெட்டியையும் வெட்டுவது. வெட்டினால் மண்டபத்தில் எல்லார் செல்போனுக்கும் பெரிய திரைக்கும் அந்தச் செய்தி வந்துவிடும். மேனேஜர் புரிந்துகொண்டார். கும்பிட்டுக் கேட்டார், மேடம், முகூர்த்த நேரத்தில் திரையில் அந்த வார்த்தை வந்தால் என்னை ஊரில் வைக்க மாட்டார்கள் என்றார். அவருக்காக ஒரு நிமிடம் தயங்கினேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் வருத்தப்படுகிறேன். பிறகு வெட்டினேன்.

பெரிய திரையில் இலை மறைந்தது. ஆள் உயர எழுத்தில் வந்தது: "உங்கள் இணைப்பு துண்டிக்கப்பட்டது. வருகைக்கு நன்றி."

பிள்ளை வீட்டார் பக்கமிருந்து யாரோ ஐயோ என்றார்கள். மேனேஜர் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மேடையில் அடுத்த வேலைக்கு ஆயத்தமாக இருந்த வாத்தியார் நிமிர்ந்து திரையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், நிதானமாக மைக்கை எடுத்தார்.

"காசிக்கும் மாப்பிள்ளைக்கும் இருந்த இணைப்பு துண்டிக்கப்பட்டது. மாப்பிள்ளை திரும்பறார். ஆரத்தி ரெடியா?"

எல்லாரும் கைதட்டினார்கள். இந்த ஏற்பாடு ரொம்ப அழகு, யாருடைய யோசனை என்று ஒரு மாமி பக்கத்தில் இருந்தவரிடம் விசாரித்தார். என் வேலைக் காலத்தில் எத்தனையோ பெரிய அதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன். நெருக்கடியில் அந்த வாத்தியாரைப் போல ஐந்து நொடியில் முடிவெடுத்தவர்கள் ஒருவரும் இல்லை. அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தெருக்கோடியில் நடந்ததைச் சித்தப்பா எனக்குப் பிறகு சொன்னார். வெட்டியதும் மாப்பிள்ளையின் செல்போன் வெளி டவரைப் பிடித்து, வீடியோ தானாகத் திரும்ப இணைந்திருக்கிறது. மாமனார் நர்ஸிடம் பேசிக்கொண்டிருந்தது அப்படியே குடைக்குள் கேட்டது.

"இது கல்யாணம் பண்ணிக்கற முகமா, சொல்லுங்கோ சிஸ்டர். பல்லைக் கடிச்சுண்டு நிக்கறான் பாருங்கோ. போறவன் போகட்டும்."

"மாமா, செருப்பு கடிக்கறது," என்றார் மாப்பிள்ளை.

புதுச் செருப்பு. வாசலிலிருந்தே கடித்துக்கொண்டிருந்ததாம். ஆஸ்பத்திரிப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சித்தப்பா மறுபடியும் நின்றுவிட்டதோ என்று குடைக்குள் எட்டிப் பார்த்திருக்கிறார். மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வாங்கோ மாப்பிள்ளை."

அழைத்துவிட்டார். சாஸ்திரத்தில் அந்த வாசகம் இருக்கிறதா என்று தெரியாது. மாப்பிள்ளை செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு, குடையும் அதில் மாமனாரும் ஆட, ஓட்டமாக ஓடி வந்து சேர்ந்தார். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. வெட்டுவதைப் பழையபடி ஆக்கி, செய்தியில் மட்டும் "போயிட்டு வாங்க" என்று மாற்றினேன். அது இன்றுவரை அப்படியே ஓடுகிறது.

கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுத வேண்டுமே. சேவை தடைப்பட்ட காரணம் என்ற கட்டத்தில் உண்மையைத்தான் எழுதினேன், காசி யாத்திரை என்று. டெல்லி ஆபீஸ் அதைக் காசிப் பக்கத்து ஆபீஸுக்கு அனுப்பிவிட்டது. அவர்கள் எல்லா டவரையும் சோதித்துவிட்டு, எங்கள் பக்கம் ஒரு பிரச்சினையும் இல்லை, யாத்திரிகர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று பதில் போட்டார்கள். கோப்பு மூடப்பட்டது.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. கல்யாணத்தன்று மத்தியானமே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நடந்தது முழுக்க என் தப்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் கஷ்டம் எனக்குப் புரிந்தது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவன் முகம் நின்றுபோயிருந்த பதினோரு நிமிடமும் நான் பேசிக்கொண்டே இருந்தேன், அந்தப் பேச்சு என்ன ஆயிற்று என்றார்.

யாத்திரை போனவருக்குப் போய்ச் சேராமல் மண்டபத்துப் பெட்டியிலேயே தங்கிவிட்டது என்றேன். காத்திருக்கும் செல்போனுக்கு வருவதையெல்லாம் பெட்டி சேர்த்து வைத்துக்கொள்ளும், யாரும் வந்து கேட்காவிட்டால் பதினைந்து நாளில் தானாக அழித்துவிடும் என்று விளக்கினேன். வேண்டாம் என்றால் இன்றைக்கே அழித்துவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "முதல்ல சம்பிரதாயமாத்தான் கூப்பிட்டேன். அவன் பேசாம நின்னானா, என்னமோ மனசுல இருந்ததெல்லாம் வந்துடுத்து. குழந்தையப் பத்தி, என்னைப் பத்தி, நாளைக்கு ஆபரேஷனைப் பத்தி எல்லாம். அழிக்க வேண்டாம். பதினஞ்சு நாள் இருக்கட்டும். நான் எழுந்து வந்துட்டா நானே சொல்றேன். வரலேன்னா, அதை அவன் கிட்ட குடுத்துடுங்கோ."

தலையாட்டிவிட்டு வந்தேன். எதையும் காத்திருப்பில் போட்டு வைக்கக் கூடாது என்று உங்களுக்குப் பாடம் எடுக்கும் நான், அன்றைக்கு அதைத்தான் செய்தேன். மறுநாள் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று மேனேஜர் சொன்னார். பிறகு சளி கட்டிக்கொண்டது, திரும்பவும் தீவிரப் பிரிவில் வைத்திருக்கிறார்கள் என்றார். எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் ஒரு தகவலும் இல்லை. தினமும் காலையில் ஆபீஸில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தப் பெட்டியைத் திறந்து அது இருக்கிறதா என்று பார்ப்பேன். பதினோரு நிமிடம், ஒரே ஒரு வரியாக இருக்கும். தட்டினால் கேட்கும். கேட்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. பயமாகவும் இருந்தது. தட்டவில்லை.

பதினான்காம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, ஒருத்தர் உங்களைப் பார்க்க மண்டபத்துக்கு வந்திருக்கிறார் என்றார். போனேன். சாமான் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் கணக்கு ஆசிரியர். பாதி ஆளாகியிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் முடியவில்லை. மாப்பிள்ளைதான் ஆட்டோவில் அழைத்து வந்தாராம், வாசலில் நிற்கிறார் என்றார்.

அவரிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"எங்க? நேர்ல பார்த்தா, சாப்டேளா மாப்பிள்ளைங்கறதுக்கு மேல வரமாட்டேங்கறது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "பரவாயில்லை. இனிமே தினம் பார்க்கப் போறேன், நிதானமாச் சொல்லிக்கறேன். நீங்க அதை அழிச்சுடுங்கோ."

லேப்டாப்பைத் திறந்து அந்த வரியை அவருக்குக் காட்டினேன். அழிக்கட்டுமா என்று பெட்டி கேட்டது. அவர் தலையாட்டினார். அழித்தேன். அவர் என் பக்கம் திரும்பி, நீங்கள் அதைக் கேட்டீர்களா என்று விசாரித்தார்.

"இல்லைங்க சார். சத்தியமாக் கேட்கலை."

"கொஞ்சம் கேட்டிருக்கலாம்," என்றார் அவர். "ரொம்ப நன்னாப் பேசியிருந்தேன்."